ஹொக்கைடோவின் உழவுப் படைவீரர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானின் வடகோடியில் படைவீரர்களே விவசாயமும் செய்தார்களாமே? சம்பளம் கொடுத்துப் படை வைக்க முடியாதா?

பதில்: முடியாது, கஜானா காலி. 1868-இல் வந்த மெய்ஜி அரசுக்கு வடக்கே ரஷ்யாவைப் பற்றிய பயம். வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பெரும்பகுதி காடு. உள்நாட்டுப் போரில் தோற்ற சாமுராய் குடும்பங்களோ பிழைக்க வழியில்லாமல் கிடந்தன. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, ஹொக்கைடோ மேம்பாட்டைக் கவனித்த அரசு அதிகாரி குரோடா கியோடகா யோசனை சொல்ல, 1874-இல் 'டோண்டென்ஹெய்' என்ற இந்த உழவுப் படைக்கு விதிகள் வந்தன. அடுத்த ஆண்டே சப்போரோவை ஒட்டிய கொட்டோனியில் 198 குடும்பங்களைக் குடியேற்றினார்கள்.

கேள்வி: சார், கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள்? அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பதில்: வீடு, நிலம், கருவிகள், துப்பாக்கி, முதல் மூன்று ஆண்டுக்கு அரிசி. நிலம் தொடக்கத்தில் 5,000 ட்சுபோ, அதாவது சுமார் நாலு ஏக்கர். 1890-இல் அது 15,000 ஆனது. நிலம் என்றதும் வயல் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி எடுத்தால்தான் விதைக்கவே முடியும்.

வீடு 17.5 ட்சுபோ, ஏறக்குறைய 620 சதுர அடி. பாய் விரித்த இரண்டு அறைகள், கணப்பு உள்ள ஒரு பலகைத் தளம், மண்தரை. சுவரும் பலகைதான், இடுக்கு வழியே பனி உள்ளே வரும். அந்தக் குளிருக்கு இப்படி ஒரு வீட்டைக் கட்டியவர்களை என்ன சொல்வது!

கோடையில் விடிகாலை 4 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். 6 முதல் மாலை 6 வரை வேலை. உருளைக்கிழங்கு, பயறு, கோதுமை, சணல், பட்டுப்புழுவுக்கு மல்பெரி. வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில்தான் ராணுவக் கவாத்து அதிகம். வீரர் கவாத்துக்குப் போன நாளில் மண்வெட்டி யார் கையில்? மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா கையில்தான். என்னைக் கேட்டால், அரசு சேர்த்தது ஒரு வீரரை, வேலை வாங்கியது ஒரு குடும்பத்தை.

கேள்வி: ரஷ்யாவோடு சண்டை வந்ததா?

பதில்: இவர்கள் முதலில் சண்டைக்குப் போனது நேர் எதிர்த்திசையில்! 1877-இல் தெற்கே சட்சுமா சாமுராய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்க இவர்களைக் கப்பலேற்றினார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற ஐசு பகுதிக்காரர்களும் இந்தப் படையில் இருந்தார்கள். 1868-இல் ஐசுவை வீழ்த்திய படையில் சட்சுமாவுக்குப் பெரிய பங்கு. அதனால் பழைய கணக்கைத் தீர்க்கும் வேகம் இவர்களுக்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், குரோடாவே சட்சுமாக்காரர்.

கேள்வி: அந்த நிலம் அதற்கு முன்பு யாருடையது?

பதில்: காலங்காலமாக ஐனு மக்கள் வேட்டையாடி, சால்மன் மீன் பிடித்து வாழ்ந்த பூமி. அரசு அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல எடுத்துப் பங்கு போட்டது. அப்புறம் 1899-இல் ஐனுக்களுக்காக ஒரு 'பாதுகாப்பு' சட்டம் போட்டு, விவசாயம் செய்தால் 15,000 ட்சுபோ வரை தருவதாகச் சொன்னது. 15 ஆண்டுகளில் பயிர்நிலமாக மாற்றாவிட்டால் பறிமுதல். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 1897 சட்டப்படி பயிர்நிலத்துக்கு உச்சவரம்பு 15 லட்சம் ட்சுபோ.

கேள்வி: அந்த முறை எப்போது முடிந்தது? ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில்: கட்டாய ராணுவச் சேவை 1898-இல் ஹொக்கைடோ முழுக்க வந்ததும் தனிப்படைக்குத் தேவை குறைந்தது. 1904-இல் கலைத்தார்கள். அதற்குள் 37 கிராமங்கள், 7,337 குடும்பங்கள். கொட்டோனியில் ஒரு வீட்டை அதே இடத்தில் பாதுகாக்கிறார்கள், சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.