கிப்புட்ஸ் போல எல்லாரும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக விவசாயம் செய்வது இன்னும் நடக்கிறதா? நம் ஊரில் சரிப்படுமா?

நடக்கிறது. ஆனால் பழைய கட்டுப்பாட்டோடு நடப்பது சில இடங்களில்தான்.

கிப்புட்ஸ் என்பது இஸ்ரேலில் உள்ள கூட்டு வாழ்க்கைப் பண்ணைக் குடியிருப்பு. முதல் கிப்புட்ஸான டெகானியா 1910-இல் கலிலேயக் கடலோரம் தொடங்கியது. நிலம், மாடு, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பொது. கணக்கு பார்ப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒரே படி. பல கிப்புட்ஸ்களில் பிள்ளைகள் ராத்திரியில் படுப்பதுகூடப் பொது இல்லத்தில்தான். அந்த வழக்கம் 1990-களோடு மறைந்துவிட்டது. 1980-களில் கடன் கழுத்தை நெரித்தபோது சமபங்கு முறையும் ஆட்டம் கண்டது. இன்று சுமார் 270 கிப்புட்ஸ்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வேலைக்கேற்ற சம்பளம். அதில் ஒரு பகுதியைப் பொது நிதிக்குப் பிடித்து, முதியவர்களையும் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்கிறார்கள். டெகானியாவே 2007-இல் இந்த முறைக்கு மாறிவிட்டது.

வருமானத்தை முழுசாகப் பங்கு போடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 1967 முதல் நடக்கும் ட்வின் ஓக்ஸில் சுமார் நூறு பேர் இருக்கிறார்கள். அங்கே சமையலும் பிள்ளை பார்ப்பதும் வாராந்தர வேலை நேரக் கணக்கில் சேரும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. நம் வீடுகளில் அந்த வேலைக்குக் கணக்கே கிடையாது.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கிப்புட்ஸ் இருக்கும் நிலம் பெரும்பாலும் அரசுக்கோ யூத தேசிய நிதி என்ற அமைப்புக்கோ சொந்தம், நீண்டகாலக் குத்தகைக்கு வாங்கியது. விலகிப் போகிறவர் தன் பங்கு வயலைப் பிரித்துக் கேட்க முடியாது. அது அவ்வளவு காலம் நின்றதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இங்கே ஒவ்வொருவர் கையிலும் பட்டா இருக்கிறது.

எங்களுக்கு வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம். நாலு பங்காளிகளுக்கு ஒரே கிணறு, ஆளுக்கு ஒரு நாள் முறை. மும்முனை கரண்ட் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். ஒருவர் முறையன்று கரண்ட் பாதியில் போனால் அந்த நேரத்தை அடுத்த சுற்றில் ஈடு கட்டிவிடுவோம். மோட்டார் காயில் எரிந்தால் செலவு நாலாகப் பிரியும். யார் முறையில் எரிந்தது என்று கேட்கக் கூடாது. தாத்தா காலத்து ஏற்பாடு, இன்னும் பிசகவில்லை. அதே பங்காளிகளிடம், வரப்பை எடுத்துவிட்டு மொத்தமாக ஒரே பயிர் வைக்கலாமா என்று ஒருமுறை பேச்சு எடுத்தேன். "வரப்ப எடுத்துட்டா நாளைக்கு அளவுக் கல்ல எங்கடா தேடுறது?" என்றார் சித்தப்பா. பேச்சு அத்தோடு நின்றது. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. நிலத்தைத் தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை.

அதனால் நம் பக்கம் பட்டாவைத் தொடாமல் மற்றதைக் கூட்டாக்குவதுதான் சரிப்படும். தமிழக அரசு 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம் இந்த வழிதான். இருபது பேர் ஒரு ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்தால் நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு. அந்த நூறு பேர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்து பவர் டில்லர், ரோட்டவேட்டர் போன்றவற்றைப் பொதுவில் வாங்கச் சொன்னார்கள். விதை, உரத்தை மொத்தமாக வாங்கலாம், விளைச்சலையும் சேர்த்து விற்கலாம். ஒண்டியாகப் போய் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இறங்குவதென்றால் முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: வண்டி பழுதானால் யார் செலவு, உழவு நேரத்தில் யாருக்கு முதல் முறை, விலகுகிறவருக்கு என்ன திரும்பக் கிடைக்கும். கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும் வரச் சொல்லுங்கள். களை எடுப்பதும் நாற்று நடுவதும் அவர்கள்தான். குழுப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.