அடுத்த சான்றிதழுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க்கில் (கணினிக் கோளாறுகளுக்கு உதவும் பிரிவு) 19,500 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். கணினிப் பராமரிப்புக்கான கம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ் முடித்துள்ளேன். வீட்டுக்கு 8,000, அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 7,000 போக மாதம் 4,500 ரூபாய் மிஞ்சுகிறது. வங்கியில் 40,000 ரூபாய் வைப்பு உள்ளது. ஒரு பயிற்சி நிலையம் 65,000 ரூபாய்க்கு சைபர் செக்யூரிட்டி பேக்கேஜை 12 மாத வட்டியில்லா இஎம்ஐ-யில் தருகிறது. சேரலாமா, அல்லது சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்), ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட், அதாவது இணையவழிக் கணினிச் சேவைக்கான சான்றிதழ்) போன்ற ஒன்றை நானே படித்து எழுதலாமா?

பதில்: இந்தப் பேக்கேஜில் சேர வேண்டாம். மாதத் தவணை 5,417 ரூபாய் வரும். உங்களிடம் மிஞ்சுவதோ 4,500. முதல் மாதமே 917 ரூபாய் துண்டு விழும். இத்தகைய இஎம்ஐ பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் தனிநபர் கடன் என்பதால், வகுப்பிலிருந்து பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. தவறினால் சிபில் ஸ்கோர் இறங்கும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது.

இப்போது பார்க்கும் வேலைக்கு அடுத்த படி எதுவோ, அதற்கான சான்றிதழையே தேர்ந்தெடுங்கள். ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவருக்கு அது நெட்வொர்க் வேலை. ஆகவே என் பரிந்துரை சிசிஎன்ஏ. ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வுக்குக் கட்டணம் 100 டாலர்தான் என்றாலும், கிளவுடின் அடிப்படையை மட்டுமே சோதிக்கும் அதை வைத்து வேலை மாறுவது கடினம். சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 டாலர். வரியும் சேர்ந்தால் 30,000 ரூபாயை ஒட்டி வரும். அந்த 40,000 ரூபாய் உங்கள் மூன்று மாதச் செலவுக்குக்கூடப் போதாது என்பதால், அதில் கைவைக்காதீர்கள். வங்கியில் ஏழு மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கி மாதம் 4,500 கட்டினால், அசலே 31,500 ரூபாய் சேர்ந்துவிடும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் படிப்பவருக்குப் பாடமும் ஏறக்குறைய அதே ஏழு மாதத்தில் முடியும்.

பயிற்சிக்கு, நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பழகும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பாடத்திட்டத்தில் ஐபி கனெக்டிவிட்டிக்கு (நெட்வொர்க்குகளுக்கிடையே தரவை வழிப்படுத்துவது) மட்டும் 25 சதவீதம் ஒதுக்கியிருப்பதால், அதற்கு அடிப்படையான சப்நெட்டிங்கை (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு) தினமும் பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். 192.168.10.70/26 என்று கண்டதும், அது 64-ல் தொடங்கி 127-ல் முடியும் நெட்வொர்க், கருவிகளுக்குத் தரக்கூடியவை 62 முகவரிகள் என்று அரை நிமிடத்துக்குள் சொல்ல வர வேண்டும். 120 நிமிடத் தேர்வில் கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது என்பதால் இந்த வேகம் மிக அவசியம். டம்ப் எனப்படும் திருட்டு வினாத்தாள்களைத் தொடவே தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், கட்டிய பணமும் போய்விடும்.

ஆர்டி முதிர்ந்ததும் உடனே தேர்வுக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். புதிய மாதிரித் தேர்வுகள் மூன்றில் தொடர்ந்து 85 சதவீதத்துக்கு மேல் வந்தால் மட்டும் தேதி வாங்குங்கள். தேறாவிட்டால் முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். ஒரு மாதம் காத்திருந்து பதிவு செய்வதற்கோ செலவே இல்லை. பதிவின்போது, நீங்கள் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். இனிஷியல் ஓரிடத்திலும் தந்தை பெயர் இன்னோரிடத்திலுமாக மாறியிருந்தால், தேர்வு மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.