மரமல்லி ஏன் பூக்கவில்லை?

ஐந்து வருட மரம், இருபதடி உயரம், இலை பச்சைப்பசேல், ஒரு பூ கூட இல்லை என்கிறீர்கள். முதலில், அவசரப்படாதீர்கள். மரமல்லி ஆளாக 6 முதல் 8 வருடம் ஆகும்.

ஆனால் எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் சொன்ன இன்னொன்று: வருடா வருடம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், கிளைகளைக் கழிக்கிறீர்கள். மரமல்லி கிளை நுனியில்தான் கொத்து விடும். அது பூப்பதோ ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசியில் நுனியை வெட்டினால், வரவிருந்த பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

காற்றுக்குப் பயந்து வெட்டுவது புரிகிறது. எளிதில் முறியும் மரம், என் வீட்டில் ஒரு கிளை முறிந்து மதில்மேல் இருந்த ஓடுகளை உடைத்திருக்கிறது. அதனால் வெட்டுங்கள், ஆனால் பூத்து முடிந்தபின், தை மாதத்தில். மழைக்கு முன் காய்ந்த கிளை, வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளை மட்டும் போதும்.

யூரியா வைக்கிறீர்களா? நிறுத்துங்கள், இலைதான் கொழுக்கும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைத் தோண்டி எடுத்துவிடுங்கள். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம், நம் ஊரில் இது விதை பிடிப்பது அபூர்வம், கன்றில்தான் பரவுகிறது.

அப்புறம், பூத்ததா என்று பகலில் அண்ணாந்து தேடாதீர்கள். ராத்திரி வாசம் வரும். காலையில் வாசல் முழுக்க நீளக் காம்போடு வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும்.