கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கம்ப்யூட்டரை முதன்முதலில் செஸ் ஆட வைத்தது யார்? (ஒரு வாசகி, தேனி)

பதில்: ஆட்டம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்! 1951 நவம்பரில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெராண்டி மார்க் 1 என்ற கம்ப்யூட்டருக்கு டீட்ரிக் பிரின்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். முழு ஆட்டமெல்லாம் அதற்கு வராது. 'இரண்டே நகர்த்தலில் மேட்' (எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்குவது) என்ற வகைப் புதிருக்கு மட்டும் விடை கண்டுபிடிக்கும். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்துவது) கிடையாது, சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் தாண்டக் கூடாது, கடைசிக் கட்டம் போனாலும் ராணியாக முடியாது. பாவம் அந்தச் சிப்பாய்! சாத்தியமான நகர்த்தல்களை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்து, சுமார் கால்மணி நேரத்தில் விடை சொன்னது. என் மாமா ஒரு குதிரையை நகர்த்த எடுத்துக்கொள்ளும் நேரம்தான்.

அப்புறம், அதே மான்செஸ்டரில், கம்ப்யூட்டர் அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங்கும் இருந்தார். அவரிடமும் ஒரு செஸ் புரோகிராம் இருந்தது, ஆனால் காகிதத்தில்! 1952-ல் சக ஊழியர் அலிக் கிளெனியுடன் ஆடும்போது, இயந்திரத்துக்குப் பதில் டூரிங்கே உட்கார்ந்து விதிப்படி கணக்குப் போட்டு நகர்த்தினார். ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம் ஆனதாம். அவ்வளவு பாடுபட்டும் காகிதக் கம்ப்யூட்டர் தோற்றுப்போனது. கிளெனி அப்படியொன்றும் பெரிய ஆட்டக்காரரும் இல்லை.