திருகோணமலையில் மேல்மாடி வீடு: நில அதிர்வுக்குத் தூணைப் பெருப்பித்தால் போதுமா?

கேள்வி: உப்புவெளிப் பக்கம் மணல் காணி. 9 அங்குலத் தூணை 12 ஆக்கினால் அதிர்வைத் தாங்குமா?

பெருப்பிப்பதில் பிழையில்லை. ஆனால் காசை முதலில் போடவேண்டிய இடம், தூணுக்குள் நிமிர்ந்து நிற்கும் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி.

இலங்கை புவித்தட்டின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று திருகோணமலையை அடித்ததும் சுமாத்திரா அதிர்வு கிளப்பிய கடல்தான், குலுக்கம் இல்லை. அதனால் ஜப்பானில்போல கட்டடத்தின் அடியில் ரப்பர் தாங்கிகள் வைக்கும் செலவு வீட்டுக்குத் தேவையில்லை. கீழே உள்ளதை மேசனே செய்வார், நீங்கள் பக்கத்தில் நின்றால்.

வளையத்தின் இரு நுனியையும் 90 பாகையில் மடித்து விடுவதுதான் வழக்கம். குலுங்கும்போது வெளிக் கொங்கிறீற் உதிரும், மடிப்பு விரியும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கும், தூண் குந்திவிடும். நுனி 135 பாகையில் தூணின் உள்நடுவை நோக்கி மடிந்து, 75 மி.மீ. உள்ளே போகவேண்டும். தூணில் மாட்டிய பிறகு அப்படி மடிப்பது பெரும் பாடு. கம்பி வளைக்கும் பலகையிலேயே மடித்து, மேலிருந்து இறக்கச் சொல்லுங்கள்.

10 அடித் தூணில் மேலும் கீழும் 450 மி.மீ. வரை 100 மி.மீ.க்கு ஒரு வளையம், நடுவில் 150. இரண்டு நெடுங்கம்பிகளைப் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துக் கட்டும் ஒட்டைத் தளமட்டத்தில் செய்யாதீர்கள், தூண் அதிகம் வளைவது அங்கேதான். நடு உயரத்தில் 600 மி.மீ. ஒட்டு விடுங்கள், அந்த நீளத்திலும் வளையம் 100க்கு ஒன்று. இதற்குத் தளத்துக்கு மேல் ஏறத்தாழ 6 அடிக் கம்பி நீட்டி நிற்கவேண்டும், மேசன் முணுமுணுப்பார். 200க்கு ஒன்று கட்டுவதோடு ஒப்பிட்டால், 6 மி.மீ. கம்பியில் ஒரு தூணுக்குக் கூடுவது இரண்டு கிலோ அளவுதான்.

பீமும் தூணும் சந்திக்கும் மூட்டுக்குள் வளையம் போடாமல் தப்பவிடுவது பெரும்பாலும் நடக்கும். பீம் கம்பி கிடத்திய பிறகு அங்கே நுழைக்க இடமிராது. முன்னமே போட்டு வைக்கவேண்டும்.

லின்டலைக் கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக வார்க்காமல் எல்லாச் சுவரிலும் சுற்றி ஓடவிடுங்கள்: குறைந்தது 75 மி.மீ. கனம், இரண்டு 10 மி.மீ. கம்பி, மூலையில் கம்பி திரும்பி அடுத்த சுவருக்குள் போகவேண்டும். மூலையில் அறுந்தால் இந்தச் சுற்றுப் பட்டி இருந்தும் பிரயோசனமில்லை.

கீழே கடைக்கென்று சுவரில்லாமல் திறந்துவிட்டு மேலே அறைகள் கட்டும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். 2001 குஜராத் அதிர்வில் அகமதாபாத்தில் விழுந்த மாடிகள் பல கீழ்த்தளம் வாகனம் நிறுத்தத் திறந்திருந்தவை.

மணல் காணி என்பதால் அத்திவாரக் கட்டைகளை நாற்புறமும் பீமால் கட்டுங்கள். தளர்ந்த மணலில் நீர்மட்டம் மேலே நின்றால் குலுக்கத்தில் மணல் குழம்பாகும். கிணற்று நீர்மட்டம் சில அடியிலேயே இருந்தால் மண் பரிசோதனை செய்யாமல் தொடங்காதீர்கள்.

கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கொங்கிறீற்றுக்கு வேண்டாம். உப்பு முதலில் தின்பது ஓரத்தில் இருக்கும் மெல்லிய கம்பியை, அதாவது இந்த வளையத்தைத்தான்.