கேளுங்க சொல்றேன்: இந்த முறை முழுக்க ஜாஸ் கிட்டார்

போன இதழ்ல பேச்சுவாக்குல வெஸ் மாண்ட்கோமரின்னு ஒரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் பேரைச் சொல்லிட்டேன், அவ்ளோதான், எங்க ஆரம்பிக்கிறது எதைக் கேக்குறதுன்னு கடிதமும் மெயிலுமா குவிஞ்சிருச்சு. அதனால சினிமா, அரசியல் கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல. கோச்சுக்காதீங்க.

கோயம்புத்தூர் வாசகர்: நான் ராக் கேட்டு வளந்தவன் சார். ஜாஸ் கிட்டார்னா சத்தமே மந்தமா, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க, அதுவும் புடிக்கலன்னா விட்டுடுறேன்.

கென்னி பரெல், 'மிட்நைட் ப்ளூ', 1963. கிட்டார், ஸ்டான்லி டரண்டைனோட சாக்ஸ், பாஸ், டிரம்ஸ், கூடவே கையால தட்டுற காங்கா டிரம். பியானோ கிடையாது, அதனால நடுவுல நெறைய காத்தோட்டம் இருக்கும். முதல் பாட்டு 'சிட்லின்ஸ் கான் கார்னே' சுத்தமான ப்ளூஸ், ப்ளூஸ்-ராக் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் கூட பின்னாடி இதை வாசிச்சிருக்காரு, அதனால உங்க காதுக்கு அன்னியமா இருக்காது. பரெல் சோலோவுல ஒரு சின்ன வரி வாசிச்சுட்டு அதுக்குத் தானே ரெண்டு கார்டு (பல நோட்டு ஒண்ணா சேந்து ஒலிக்கிறது) குத்தி பதில் சொல்லுவாரு பாருங்க, அங்க உக்காந்துடுவீங்க.

அந்த மந்த சத்தம் வேணும்னே வெச்சுக்கிறது. உள்ள கூடா இருக்குற பெரிய கிட்டார், தடிமனான ஸ்ட்ரிங், கழுத்துப் பக்கத்து பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் புடிக்கிற காந்தம்), டோன் நாபைக் குறைச்சு வெச்சிருப்பாங்க. ராக்ல வர்ற அந்த உறுமல், அதான் டிஸ்டார்ஷன், இல்லாததால நோட்டு இழுத்துக்கிட்டு நிக்காது, சீக்கிரம் செத்துடும். ராக்ல மாதிரி ஒரே நோட்டைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்க முடியாது, அடுத்து என்ன சொல்றதுன்னு கையில விஷயம் இருந்தே ஆகணும்.

மதுரை வாசகர்: வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரல்லயே வாசிப்பாராமே, அதுல அப்படி என்ன விசேஷம்?

பிக்ல (ஸ்ட்ரிங்கைத் தட்டுற சின்னத் துண்டு) தட்டினா வர்ற 'டிக்' சத்தம் வராது, நோட்டு ஆரம்பமே மெத்துன்னு இருக்கும். இண்டியானாபொலிஸ்ல பகல்ல ஃபேக்டரி வேலை, ராத்திரி கிளப்ல வாசிப்புன்னு காலம் தள்ளின மனுஷன் அவரு, வீட்ல சத்தம் கேக்கக்கூடாதுன்னு கட்டைவிரலுக்கு மாறினாருன்னு சொல்லுவாங்க. நோட்ஸ் படிக்கத் தெரியாது, சார்லி கிறிஸ்டியன் ரெக்கார்டு போட்டுப் போட்டுக் கேட்டே கத்துக்கிட்டாரு, முழுக்க கேள்விஞானம்.

1960ல வந்த 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்' ஆல்பத்துல 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்'னு ஒண்ணு இருக்கு, அதை எடுத்துக்குங்க. சோலோ ஒத்தை நோட்டுல ஆரம்பிக்கும், கொஞ்ச நேரம் போனதும் அதே மாதிரி வரிகளை மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி ரெண்டுலயும் ஒரே நேரத்துல வாசிக்க ஆரம்பிப்பாரு, அதான் அவரோட பேர்போன ஆக்டேவ், அப்புறம் அதுவும் பத்தாதுன்னு முழு கார்டா அடுக்குவாரு, மூணு படியும் ஏறும்போது வேகமும் சத்தமும் பெருசா கூடாது, ஆனா கேக்குற நமக்கு மூச்சு முட்டும். அடுத்து 1965ல வந்த 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்', விண்டன் கெல்லி ட்ரியோவோட. கடைசி வருஷங்கள்ல வயலின் கூட்டத்தோட பாப் பாட்டா வாசிச்ச ஆல்பங்கள்தான் நல்லா வித்துச்சு, ஆனா அதுல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா ஆளைத் தப்பா எடை போட்டுடுவீங்க. 1968ல 45 வயசுல போயிட்டாரு.

சென்னை வாசகர்: ஜாஸ் கிட்டார்னா காஃபி ஷாப்ல ஓடுற மியூசிக்தானே?

அந்த மூணு மணி நேர 'ரிலாக்சிங்' பிளேலிஸ்ட்டை முதல்ல நிறுத்துங்க, அப்புறம் பேசலாம்.

திருச்சி வாசகி: சோலோ வரும்போது கவனிக்கிறேன், மத்த நேரம் மனசு எங்கயோ போயிடுது. வேற எதைக் கேக்கணும்?

பக்கவாத்தியத்தைக் கேளுங்க மேடம். என்னைக் கேட்டா ஒரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் யாருன்னு தெரியுறது அடுத்தவன் வாசிக்கும்போதுதான், தன் சோலோவுல எல்லாரும் நல்ல புள்ளதான். 1962ல ஜிம் ஹாலும் பியானோ பில் எவன்ஸும் ரெண்டே பேரா சேந்து 'அண்டர்கரண்ட்'னு ஒரு ஆல்பம் பண்ணாங்க. டிரம்ஸ் இல்ல, பாஸ் இல்ல. 'மை ஃபன்னி வாலண்டைன்' பொதுவா உருகி உருகி மெதுவா பாடுற பாட்டு, இங்க அது ஓடும். எவன்ஸ் சோலோ எடுத்ததும் ஹால் என்ன பண்றாருன்னு பாருங்க, நாலு பீட்டுக்கும் சின்னதா கார்டு தட்டிக்கிட்டே அவரே டிரம்ஸ், அவரே பாஸ் ஆயிடுறாரு, ஒரு இடத்துல கூட பியானோ மேல ஏறி உக்காரல. எவன்ஸ் திரும்பி ஹாலுக்கு வாசிக்கும்போதும் அதே மரியாதை. முதல் தடவை முழுசா கேளுங்க, ரெண்டாவது தடவை சோலோ வாசிக்கிறவரை விட்டுட்டு இன்னொருத்தரை மட்டும் கேளுங்க, வேற ஆல்பம் மாதிரி இருக்கும். (அட்டைப் படத்துல தண்ணிக்குள்ள மிதக்குற அந்தப் பொண்ணு ஃபோட்டோவும் லேசுப்பட்டதில்ல, டோனி ஃப்ரிஸ்ஸெல் எடுத்தது.)

இதோட உச்சம் ஃப்ரெட்டி கிரீன். கவுண்ட் பேசி பேண்டுல 1937ல சேந்தவரு 1987ல சாகுற வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டார்ல கார்டு தட்டிக்கிட்டே இருந்தாரு, சோலோ அபூர்வத்துலயும் அபூர்வம். 'லில் டார்லின்'னு ஒரு மெதுவான பாட்டு இருக்கு, நல்ல ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டா அத்தனை பித்தளை வாத்தியத்துக்கும் கீழ அந்தக் கிட்டார் தெரியும்.

நாகர்கோவில் வாசகர்: ராத்திரி பத்து மணிக்கு மேல கேக்க ஒண்ணு சொல்லுங்க.

கிராண்ட் கிரீன், 'ஐடில் மொமண்ட்ஸ்', 1963 நவம்பர்ல ரெக்கார்ட் பண்ணது. அதே பேர்ல முதல் பாட்டு ஏறக்குறைய 15 நிமிஷம். இவ்ளோ நீளம் திட்டமே கிடையாது, ஒரு சுத்துன்னா எத்தனை பார், அதாவது எத்தனை தாளக்கட்டுன்னு அவங்களுக்குள்ளயே குழப்பம், கிராண்ட் கிரீன் பாட்டுக்கு டபுளா வாசிச்சுட்டாரு, மத்தவங்களும் அப்படியே போயிட்டாங்க. மறுபடி சின்னதா எடுக்கலாம்னு பாத்தாங்க, ஆனா அந்த மூட் திரும்ப வருமா? அதை அப்படியே வெச்சுக்கிட்டு, இசைத்தட்டுல இடம் பத்தணும்னு மத்த பாட்டுங்களைக் கொஞ்ச நாள் கழிச்சு வந்து சுருக்கி வாசிச்சாங்க.

சேலம் வாசகி: எல்லாமே ஆம்பளைங்க பேரா இருக்கே?

நியாயமான கோவம். எமிலி ரெம்லர், 'ஈஸ்ட் டு வெஸ்', 1988. பேர்லயே தெரியுது யாருக்கு மரியாதைன்னு, ஆனா நகல் இல்ல, பியானோ ஹேங்க் ஜோன்ஸோட அவங்க ஸ்விங்கைக் கேளுங்க. 1990ல ஆஸ்திரேலியாவுல 32 வயசுலயே போயிட்டாங்க. இப்ப வாசிக்கிறவங்கன்னா மேரி ஹால்வர்சன், ஆனா நேரா அங்க போனா கொஞ்சம் முரட்டுத்தனமாத் தோணலாம், பழகிட்டுப் போங்க.

தஞ்சாவூர் வாசகர்: பழைய ரெக்கார்டிங் கரகரன்னு இருக்கு, கேக்க முடியல. அவசியமா?

அவசியம். ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928ல வண்டி தீப்புடிச்சதுல இடது கையில ரெண்டு விரல் சரியா வேலை செய்யாமப் போச்சு, மிச்ச ரெண்டு விரலை வெச்சு 1937ல 'மைனர் ஸ்விங்' வாசிச்சிருக்காரு, இதுக்கு மேல நான் என்ன சிபாரிசு பண்ணணும்? சார்லி கிறிஸ்டியன் 1939ல பென்னி குட்மன் பேண்டுல சேந்து 1942ல 25 வயசுல காசநோய்ல போயிட்டாரு. அந்த ரெண்டு மூணு வருஷத்துல எலெக்ட்ரிக் கிட்டாரை சாக்ஸஃபோனுக்கு சமமா முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டாரு. 'சோலோ ஃப்ளைட்' கேளுங்க, ஒரு வாரத்துல கரகர காதுல விழாது.

கும்பகோணம் வாசகர்: கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகின எனக்கு நுழைய ஏதாவது வழி உண்டா?

ஜான் மெக்லாக்லின். சக்தி குரூப்போட முதல் ஆல்பம், 1975ல லைவா ரெக்கார்ட் பண்ணது, எல். ஷங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்க இருக்குற கம்பி) நடுவுல மரத்தைக் குடைஞ்சு எடுத்த கிட்டார், அதான் கமகம் அந்த அளவுக்கு வளையுது. அதே குரூப் பேர்ல 2023ல வந்த 'திஸ் மொமண்ட்'டுக்கு அடுத்த வருஷம் கிராமி கூட கிடைச்சுது. ஆனா இதோட நின்னுடாதீங்க, தாளம் நமக்குத் தெரிஞ்சதுங்கிறதால இது சுலபமா உள்ள வந்துடும், அதே ஆளோட 1969 'எக்ஸ்ட்ராபொலேஷன்' கேட்டாதான் ஜாஸ்ல அவர் எங்க நிக்கிறாருன்னு புரியும்.

வேலூர் வாசகர், வயது 19: ஜோ பாஸோட 'விர்ச்சுவோசோ' கேட்டதுல இருந்து கிட்டாரைத் தொடவே பயமா இருக்கு சார்.

1973ல தனியா உக்காந்து அடி ஸ்வரம், கார்டு, மெலடி மூணையும் ஒரே கிட்டார்ல வாசிச்ச ஆல்பம் தம்பி, பயம் வரலன்னாதான் தப்பு. அதை கொஞ்ச நாள் மூடி வெச்சுட்டு அதே ஜோ பாஸ், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரல்டுக்கு வாசிச்ச 'டேக் லவ் ஈஸி'யை எடுங்க. அவங்க பாடும்போது இவரு எவ்ளோ கம்மியா வாசிக்கிறாருன்னு பாருங்க, சில இடத்துல ரெண்டு மூணு நோட்டு, அவ்ளோதான். விரல் எங்க வைக்கணும்னு காட்டுற 'டேப்' குறிப்பு தேட வேணாம். அவங்க மூச்சு விடுற இடத்துல இவரு வாசிக்கிற துண்டை முதல்ல வாயால பாடிக்குங்க, அப்புறம் கிட்டார்ல தேடுங்க. ஒரு பாட்டு வந்துட்டா எழுதுங்க, அடுத்தது சொல்றேன்.