பத்திரத்தில் ஏறாத முன்பணம்

கேள்வி: மூன்று குடித்தனங்கள் உள்ள வீட்டை வாங்கவிருக்கிறேன். அவர்களோடு நான் எந்த ஒப்பந்தமும் போடவில்லை என்பதால், கிரயம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லலாம் அல்லவா?

பதில்: முடியாது. விற்றவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் வீட்டோடு உங்களிடம் வந்து சேரும். அதன் காலம் முடியும்வரை அவர் இருந்த இடத்தில் நீங்கள் இருப்பதாகவே சட்டம் கருதும். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை, விற்றவரின் உரிமைகளை வாங்கியவருக்குத் தருவதோடு, குடியிருப்பவர் விரும்பினால் விற்றவரின் பொறுப்புகளையும் வாங்கியவர் தலையில் ஏற்றுகிறது. ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 566ஆம் பிரிவுக்குத் தலைப்பே ‘கிரயம் வாடகையை முறிக்காது’ என்பதுதான். தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ரோமன்-டச்சுச் சட்டமும் விற்பனையைவிட வாடகைக்கே முன்னுரிமை தருகிறது. காலி வீடு வேண்டுமென்றால் காலி வீட்டைத் தேடுங்கள்.

கேள்வி: மேல்மாடிக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்துவிடுவார் என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நானும் ஒருமுறை நம்பினேன். கிரயம் முடிந்த மறுவாரம் மேல்மாடிக்குப் படியேறிப் போனபோது, அங்கே குடியிருந்த அம்மையார் என்னை உட்காரவைத்துவிட்டு, பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, வாடகை ஒப்பந்தத்தின் கடைசித் தாளைப் பிரித்துக் காட்டினார். அவர் விரும்பினால் மேலும் 3 ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம் என்று விற்றவரின் கையெழுத்தோடு அதில் எழுதியிருந்தது. தரகர் எனக்குத் தந்திருந்த நகலில் அந்தத் தாள் இல்லை. பக்க எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த மூன்று ஆண்டும் அவர் தேதி தவறாமல் வாடகை கொடுத்தார் என்பதால் அவர்மேல் எனக்குக் குறை ஏதுமில்லை. நீங்கள், ‘அவர் காலி செய்த பிறகே கிரயம்’ என்று விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் போகும் போக்கே பதில் சொல்லிவிடும்.

கேள்வி: மாதத்தின் நடுவில் கிரயம் நடக்கிறது. அந்த மாத வாடகை யாருக்கு?

பதில்: நாள் கணக்கில் பிரித்துக்கொண்டு, பிரித்த விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகக் குடியிருந்த வீடு இடையில் விற்கப்பட்டது. இப்போது காலி செய்கிறேன். முன்பணம் தன்னிடம் வரவில்லை என்கிறார் புதியவர். எல்லாம் வீட்டோடு போய்விட்டது என்கிறார் பழையவர்.

பதில்: இருவருமாகச் சேர்ந்து உங்களைப் பந்தாடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. முன்பணம் விற்பவரின் வருமானமும் அல்ல, வாங்குபவரின் லாபமும் அல்ல. குடியிருப்பவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். பதிவுச் செலவு, வரி, தரகு என்று கடைசிக் காசுவரை மல்லுக்கட்டுகிறவர்கள், மூன்றாம் மனிதர் ஒருவரின் பணம் விற்பவரிடம் இருப்பதைப் பற்றி மட்டும் கிரய நாளில் வாயே திறப்பதில்லை. திறந்தால் யாரோ ஒருவர் அந்தப் பணத்தைக் கீழே வைக்க வேண்டியிருக்கும். வாங்குபவர் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு, கழித்ததைப் பத்திரத்தில் எழுதி, ‘உங்கள் முன்பணம் இனி என் பொறுப்பு’ என்று குடியிருப்பவருக்கு ஒரு வரிக் கடிதம் கொடுத்தால் முடிந்துபோகும் வேலை இது. ஜெர்மனியில் 566ஏ பிரிவு இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை: திருப்பித் தர வேண்டியவர் வாங்கியவர், அவரிடமிருந்து பெற முடியாமற்போனால் விற்றவரும் தப்ப முடியாது. விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால், முன்பணம் கொடுத்த ரசீதையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; இருவர் பெயருக்கும் ஒரே நோட்டீஸை அனுப்பச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்கும்வரைதான் அவர்கள் ஒருவரையொருவர் கைகாட்ட முடியும்.

கேள்வி: வீடு வாங்கி நான்கு மாதம் ஆகிறது. குடியிருப்பவர் வாடகையைப் பழைய உரிமையாளருக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார். மறுபடியும் எனக்குத் தரச் சொன்னால் மறுக்கிறார்.

பதில்: வீடு கைமாறியதை அவருக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா? உங்கள் நீண்ட கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கைமாறியதை அறிய வழியில்லாமல் பழையவருக்குக் கொடுத்த வாடகையை மறுபடியும் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் மேலே சொன்ன 109ஆம் பிரிவே கூறுகிறது. அந்தப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டவரிடம் போய்க் கேளுங்கள். நான்கு மாதம் வாடகை வராதபோது ஏன் என்று கேட்காமல் இருந்தது உங்கள் பெருந்தன்மை. அதற்கான செலவைக் குடியிருப்பவரிடம் வசூலிக்க முடியாது.

கேள்வி: வாங்குவதற்கு முன் குடியிருப்பவரிடம் நேரில் பேசலாமா? என்ன கேட்பது?

பதில்: பேசாமல் வாங்காதீர்கள். விற்பவர் மூலம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அவரிடம் உள்ள ஒப்பந்தத்தை உங்கள் நகலோடு தாள் தாளாக ஒப்பிடுங்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எதுவரை கொடுத்திருக்கிறார், செய்து தருவதாகச் சொன்ன பழுது ஏதேனும் பாக்கி உள்ளதா என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் பெறுங்கள். அமெரிக்காவில் வாடகைக்கு விட்ட வணிகக் கட்டடங்களை விற்கும்போது ‘எஸ்டாப்பல் சான்று’ என்ற பெயரில் இதைத்தான் வாங்குகிறார்கள். மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது என்பதையும் கேளுங்கள். விற்பவர் அந்தச் சுவரின்மேல் புதிதாக வண்ணம் பூசியிருப்பார், குடியிருப்பவரோ கட்டிலை அங்கிருந்து நகர்த்திப் போட்டிருப்பார்.